ஆறாம் பாகம் என்னிடம்தான் இருக்கிறது

எஸ்தர் மதினி இறந்த செய்தி வந்ததும் என் வாயில் முதலில் வந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் என் மகள் செல்வி எப்படியும் உங்களிடம் சொல்லியிருப்பாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். செல்வி போன் செய்து, "அம்மா, அத்தை போயிட்டாகம்மா" என்று அழுதாள். அய்யய்யோ என்று கத்தியிருக்கலாம். எப்படி ஆச்சு என்றாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டது இதுதான்: "அந்த ஆறாம் பாகம் எங்கனடி இருக்கு?"

அவள் அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "நீயெல்லாம் ஒரு மனுசியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எஸ்தர் மதினி என் மகளுக்கு மாமியார், எனக்குச் சம்பந்தி. சம்பந்தியானால் எங்கள் பக்கம் பெண்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டோம். அதற்கு மேல் உறவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. இப்போது மருமகன் சாமுவேல் வந்து, சர்ச்சில் நினைவுக் கூட்டத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்கள் என்றும், நானும் அதில் எழுத வேண்டும் என்றும் கேட்டார்.

"அம்மாவப் பத்தி நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க அத்தை."

"நல்லதான்னா வேற ஆளப் பாருங்க மாப்ள."

"ஒரு பக்கத்துக்குக்கூட வராதா?"

"உக்காந்து யோசிக்கணும்."

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் பழனிசெட்டிபட்டிக்காரர்கள், இல்லாவிட்டால் தேனி கடைவீதிக்காரர்கள். மதினியின் பாத்திரக்கடையில் ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். குடத்தைத் தட்டிப் பார்த்தால், "தட்டாதீக, அது என்ன கதவா? உள்ள யாரும் இல்ல" என்பார். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைத் தெருமுனை வரைக்கும் பார்வையாலேயே கொண்டுபோய் விட்டுவருவார். அப்படிப்பட்டவரிடம் என் மகள் போய் மாட்டினாள். காதல் கல்யாணம். என் மகனை மயக்கிவிட்டாள் என்று அவர் சொன்னார். உங்கள் மகனைப் பார்த்து மயங்குகிற அளவுக்கு என் மகளுக்குக் கண் கெட்டுப்போயிற்றே என்று நான் சொன்னேன். அதோடு நிச்சயதார்த்தம் முடிந்தது.

அந்த நிச்சயதார்த்தத்தன்றுதான் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். பீங்கான் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஆறு புத்தகங்கள் வரிசையாக நின்றன. 'மூங்கில்தோப்பு விடுதி', ஆறு பாகமும். தாம்பூலத் தட்டை யார் கையில் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

அது சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதை. மலைமேல் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு விடுதி. மல்லிகா என்ற துடுக்குக்காரப் பெண் தகரப்பெட்டியோடு அங்கே வந்து சேர்கிறாள். விடுதியைக் கவனிக்கிற ராஜம் என்ற மேட்ரன் அவளைப் போட்டுப் பாடாய்ப் படுத்துகிறார். நான் அஞ்சாங்கிளாஸோடு பந்தலுக்கு வந்துவிட்டவள். திராட்சையைப் பெட்டியில் அடுக்கும்போது அடியில் தாள் விரிக்க வேண்டும். அதற்காகத் தேனியிலிருந்து பழைய தாளை மூட்டையாக வாங்கி வருவோம். அப்படி வந்த மூட்டை ஒன்றில்தான் முதல் பாகம் கிடைத்தது. மூன்றாம் பாகமும் கிடைத்தது. நான் பார்ப்பதற்குள் அதில் பாதியைப் பெட்டிகளுக்கு அடியில் விரித்துவிட்டார்கள். அது கொச்சிக்குப் போய்விட்டது. மலையாளத்துக்காரன் யாரோ திராட்சை தின்றுகொண்டே படித்திருப்பான். இருந்த ஒன்றரைப் புத்தகத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் படித்தேன், பிள்ளை பெற்ற பிறகும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள் ஓடவிட்டுப் படிக்கப் பழகியது அதில்தான்.

"மதினி, அந்தப் புத்தகத்தை எனக்கு ஒருவாட்டி குடுங்க" என்று கேட்டேன்.

"என் வீட்டுச் சாமான் எதுவும் வாசல் தாண்டாது. வேணும்னா வந்து இங்கன உக்காந்து படிங்க. கைய கழுவிட்டு."

கை கழுவச் சொன்னார், பாருங்கள். பெண் கொடுத்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான். ஆனாலும் போனேன். வேலை இல்லாத நாளெல்லாம் பஸ் ஏறிப் பழனிசெட்டிபட்டிக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு, அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும். "மனசுக்குள்ள படிச்சா தப்பாப் படிப்பீக" என்பார். நான் சத்தமாகப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பார். ஒரு எழுத்து பிசகினால், "ம்ம், திரும்ப" என்று ஒரு குரல் வரும். என்னைப் பெற்றவளே என்னை அப்படி விரட்டியது கிடையாது.

ஒருநாள் அப்படிப் படிக்கும்போதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையில் டார்மெட்டரி என்று ஒன்று வரும். 'மணி ஒன்பது. டார்மெட்டரி உறங்கிக்கொண்டிருந்தது' என்று இருக்கும். 'மல்லிகா அழுதுகொண்டே டார்மெட்டரிக்கு ஓடினாள்' என்று இருக்கும். 'மேட்ரன் டார்மெட்டரியைப் பூட்டினார்', 'சனிக்கிழமை எல்லாப் பெண்களும் சேர்ந்து டார்மெட்டரியைக் கழுவினார்கள்.' நீங்களே சொல்லுங்கள், இதைப் படித்தால் என்ன தோன்றும்? ஒரு நாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நல்ல நாய். ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடும். அழுகிற பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். கட்டிப்போடுவதைத்தான் பட்டணத்தில் பூட்டுவது என்கிறார்கள் போல என்று வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் 'டார்மெட்டரிக்குள் நுழைந்தாள்' என்று வந்தது. அது அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் படிப்பை நிறுத்திவிட்டு, "ஏன் மதினி, இந்த டார்மெட்டரி என்ன நாயா இருக்கும்? நம்ம கோம்பை நாய் மாதிரியா?" என்று கேட்டேன்.

"என்ன நாய்?"

"டார்மெட்டரி."

மதினி கண்ணைத் திறந்தார். குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வாசல்பக்கக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது. விடுதிப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிற பெரிய அறையாம் அது. சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும், வீட்டோடு விட்டாரா? அந்த வருடம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டு, அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் நிறுத்தி, "இவுகதான் என் சம்பந்தி. டார்மெட்டரிக்குச் சோறு வச்சவுக" என்று அறிமுகம் செய்தார். அவருடைய தங்கச்சி இன்னும் என்னைப் பார்த்தால், "டார்மெட்டரி குட்டி போட்டுச்சா மதினி?" என்று கேட்கிறார். இதைப் படித்துக்கொண்டிருப்பார். அம்மா, போட்டது. ஒன்று உங்கள் ஜாடை.

சண்டை எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை மேட்ரன் ராஜத்தைப் பற்றித்தான். எனக்கு மல்லிகா உயிர். மதினிக்கு மேட்ரன்.

"அந்த ராஜமெல்லாம் மனுசியா மதினி? பச்சப் பிள்ளையப் பட்டினி போடுறா."

"என்ன பட்டினி? ஒரு நேரச் சோறு. பெட்டிய அடுக்கலைன்னா அப்படித்தேன்."

"உங்களுக்கு ஈரக்கொலைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதுக்கும் சேத்துத்தேன் மாத்திரை சாப்புடுறேன். நீங்க அடுத்த பக்கத்தப் படிங்க."

மேட்ரன் விளக்கை அணைத்தால், அது சரி என்பார். மேட்ரன் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படித்தால், அதுவும் சரி என்பார். "நான் போர்டிங்ல வருசக்கணக்கா கெடந்தவ. நீங்க ஒரு போர்டிங்க வெளிய நின்னுகூடப் பாத்ததில்ல. அத்தன பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தா யாரு முழிச்சிருப்பா? மல்லிகாவா?" என்பார். நான் போர்டிங்கை வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை என்பது வாஸ்தவம். அதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டுமா? எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனதை என் எதிரில் இத்தனை தடவை சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் புருஷன்கூடச் சொன்னதில்லை.

இன்னொன்றும் செய்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அவுகளுக்குப் படிப்பு இல்ல, பாவம். நாந்தேன் வரச்சொல்லி, புக்கு குடுத்துப் படிக்க வைக்கிறேன்" என்று சொல்லிவைத்திருந்தார். நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது மதினி இரண்டாம் பாகத்தை மடியில் விரித்து வைத்து, விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

"மதினி, புத்தகம் தலைகீழா இருக்கு."

"தெரியும். எனக்கு எப்படி வச்சாலும் படிக்க வரும். உங்களுக்குத்தேன் நேரா வச்சே வராது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சர்க்கரை வந்து கண் போயிருக்கிறது. கல்லாவில் உட்காருவதை விட்டதும் அதனால்தான். பெற்ற மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. சம்பளமில்லாமல் வாசிக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அந்த ஆளையே கை கழுவ வைத்து, அவளுக்கு உதவி செய்வதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரைப் பற்றித்தான் நல்லதாக ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். ஆறாம் பாகத்தை மன்னிக்க மாட்டேன்.

ஐந்தாம் பாகத்தின் கடைசியில் பெரிய லீவு விடுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போக ஆள் வருகிறது. வண்டி வருகிறது, கார் வருகிறது. மேட்ரன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். மல்லிகா மட்டும் தகரப்பெட்டியோடு கேட்டில் நிற்கிறாள். அவ்வளவுதான், பாகம் முடிந்துவிட்டது. அவளைக் கூப்பிட யார் வந்தார்கள் என்பது ஆறாம் பாகத்தில் இருக்கிறது. அந்த ஆறாம் பாகத்தை மதினி என்னைத் தொடக்கூட விட்டதில்லை. ஐந்தை முடித்ததும், "ஆறு வேண்டாம். முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்பார். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. இப்படியே எத்தனை தடவை ஐந்தோடு நின்றோம் என்று எனக்கே தெரியாது. பந்தலில் நிற்கும்போது நினைப்பு வரும். அந்தப் பிள்ளை இன்னும் கேட்டில் நிற்கிறதே என்று இருக்கும். பன்னீர் திராட்சையில் நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன். இரண்டை வாயில் போட்டுவிட்டு, புளிக்கிறது என்றார்.

"படிக்கக்கூட வேண்டாம் மதினி. யாரு வந்து கூட்டிட்டுப் போனாகன்னு மட்டும் வாயால சொல்லுங்க."

"யாரும் வரல."

"யாருமேவா? சித்தப்பா, மாமா, ஒருத்தரும் இல்லையா?"

"யாரும் வரல. கேட்டுல நின்னு நின்னு கால் கடுத்திருக்கும். அத எழுதல பாருங்க. எழுதினவுகளுக்குத் தெரியல."

சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கு மிக்சர் எடுத்து வைத்தார். ஒரு சின்னப் பிள்ளையை அப்படி நட்டநடு ரோட்டில் நிறுத்திவிட்டு மிக்சர் தின்ன எப்படி மனசு வரும்? நான் தின்றேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். நான் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். மதினியின் அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதானவர். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார்.

"அந்தப் புக்கா? அது எங்கப்பா அனுப்புனது" என்றார். "லீவுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளு வரும். எங்கப்பா கடையப் பூட்டமாட்டாரு. ஆளுக்குப் பதிலா புக்க அனுப்புவாரு, பார்சல்ல. பெரிய லீவுக்குப் பெரிய லீவு ஒண்ணு. எஸ்தரு பாவம், அங்கனயே கெடப்பா."

காப்பி ஆறுகிறது என்று அவரை யாரோ கூப்பிட்டார்கள்.

இதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை வறளப் படித்தவளிடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தெரிந்திருந்தால் அந்த ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை அப்படி ராகம் போட்டுப் படித்திருப்பேனா? டார்மெட்டரி கதையை ஊருக்கே சொல்லத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

செல்வியிடம் சாவியை வாங்கித் திறந்தேன். ஆறாம் பாகத்தை எடுத்து என் மஞ்சப்பையில் போட்டேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"ஜெபம் முடியட்டுமே அத்தை."

"முடியுறதுக்குள்ள பஸ் போயிரும் மாப்ள."

அவர் அலமாரியைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். தாய்க்கு இல்லாத குணம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புத்தகத்தை எடுத்து விரித்தேன். விரியவில்லை. இந்தத் தொடரில் எல்லாப் புத்தகமும் ஓரம் வெட்டாமல் வருவது. வாங்குகிறவர்தான் மடிப்பைக் கத்தியால் கீறிப் பிரித்துப் படிக்க வேண்டும். மதினியின் மற்ற ஐந்தும் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கும். இதில் ஒரு மடிப்புகூடப் பிரிக்கப்படவில்லை. முதல் மடிப்பிலிருந்து கடைசி மடிப்பு வரை அச்சாபீசிலிருந்து வந்தபடியே இருந்தது.

ஆக, மதினி இதைப் படித்ததே இல்லை. யாரும் வரவில்லை என்று எனக்குச் சொன்னது இந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது இல்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. நேராகக் கதையின் கடைசித் தாளுக்குப் போனேன். அதன் முன்பக்கம் மடிப்புக்கு வெளியே இருந்ததால் அப்படியே படிக்க முடிந்தது. பண்டிகைக்கு முந்தின நாள். விடுதி காலியாகக் கிடக்கிறது. மல்லிகா அன்றைக்கும் கேட்டில் போய் நிற்கிறாள். ஒரு ஆள் ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து வருகிறது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, மேட்ரன் ராஜம். ஊருக்குப் போனவர் பாதி லீவில் திரும்பி வந்திருக்கிறார். 'பெட்டியை எடு. எங்கள் வீட்டில் உனக்கும் சேர்த்துச் சோறு வடித்திருக்கிறது' என்கிறார். மல்லிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள், என்பதோடு அந்தப் பக்கம் முடிகிறது.

மேட்ரன்தான் வந்தது. மேட்ரனைப் பற்றி, படிக்காமலே மதினி சொன்னதுதான் சரி. நான் தோற்றுவிட்டேன். இத்தனை வருடச் சண்டையில் முதல் தடவையாகத் தோற்றதை ஒத்துக்கொண்டு, "மதினி, ஒங்க ராஜந்தேன் வந்தா" என்று சொல்லலாம் என்றால் ஆள் இல்லை. அன்று சாயங்காலம்தான் கல்லறைத் தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். இது எந்த ஊர் நியாயம்? ஒரே ஒரு நாள், ஒரு மத்தியானம், அந்தச் சாவியைக் கொடுத்திருந்தால் நான் அந்தப் பக்கத்தை அவர் காதில் படித்துவிட்டுச் செத்தாலும் சாகட்டும் என்று விட்டிருப்பேன்.

அவருடைய நினைவாக நான் வைத்துக்கொண்டது இந்த ஆறாம் பாகம். சர்ச் நூலகத்துக்கு ஆறையும் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஐந்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இது வராது. யாருக்காவது படிக்க ஆசையாக இருந்தால் ராயப்பன்பட்டிக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, எங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும்.

கடைசித் தாள் மட்டும் அதில் இருக்காது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மல்லிகா என்ன பதில் சொன்னாள் என்பது அதன் மறுபக்கத்தில், மடிப்புக்குள் இருந்தது. வீரபாண்டி தாண்டியதும் கொண்டை ஊசியை எடுத்து மடிப்பைக் கீறினேன். குறுக்கே ஒரு மாடு வந்ததால் டிரைவர் பிரேக் போட்டார். ஊசி அடிவரை இறங்கித் தாள் தனியாகக் கையோடு வந்தது. வண்டி மறுபடி கிளம்பியபோது, நான் திருப்பிப் படிப்பதற்குள் அது ஜன்னல் வழியாக வெளியே போனது. கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். இங்கே ஸ்டாப் இல்லை என்றார். சின்னமனூரில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, அந்த இடத்துக்குத் திரும்பி வந்தேன். ரோட்டோரம் வாழைத்தோப்பு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.